கெர்கேலன் கடற்கரையை ஏ1 தாளில் அச்சடிக்க: அவென்யூ ரோடு பிளாட்டர் கடை எப்படி?

பெங்களூரு அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்துகளில் பெரிய தாளில் பிரிண்ட் போடும் கடைகள் உண்டு. கட்டட பிளானுக்கும் போஸ்டருக்கும் அதில் எந்தக் கடையும் போதும். தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரான்சின் கெர்கேலன் தீவுக்கூட்டத்துக்குப் போதாது. 49 டிகிரி தெற்கில், பெரிய தீவைச் சுற்றிச் சுமார் 300 சிறு தீவுகள். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறியதால் கரை நெடுக ஃபியோர்டுகள். தீவின் எந்த மூலையில் நின்றாலும் சுமார் 20 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். கரைக்கோடு பிசகினால் அந்த வரைபடத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

அந்தச் சந்துகளில், தமிழ் பேசும் ஆபரேட்டர் இருக்கும் ஒரு கடையில் அச்சு சுத்தமாக விழுகிறது. கோடு 0.2 மி.மீ. இருந்தால் உடைவதில்லை. 0.1 வைத்தால் மோர்பிஹான் வளைகுடாவின் குட்டித் தீவுகள் நீலத்தில் காணாமல் போகும். கடலுக்கு வெளிர் நீலமே கொடுங்கள். அடர் நீலம் பட்டை பட்டையாக விழும், மை அதிகமாகி தாளும் சுருளும். 170 ஜிஎஸ்எம் கனமுள்ள, பளபளப்பில்லாத மேட் தாள் சரியாக இருக்கும்.

“மேப்பை நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் எடுப்பது எளிமையாக்கிய கரைக்கோடு. உலகக் கடற்கரைகளின் கோடுகளைத் தரும் ஜிஎஸ்எச்எச்ஜி தரவில், நுணுக்கத்தைப் பொறுத்து ஐந்து தரங்கள். நடுத்தரத்தில் 1 கிலோமீட்டர் வரை கோடு விலகலாம். 1:2,50,000 அளவில் அது தாளில் 4 மி.மீ.! குறுகலான ஃபியோர்டு வாய் மூடிக்கொள்ளும், சிறு தீவு மறைந்துபோகும். முழுத் தரத்தை எடுத்து நீங்களே பிடிஎஃப் செய்துகொண்டு போவதுதான் ஒரே வழி. தீவு கிழக்கு மேற்காக சுமார் 150 கி.மீ., வடக்கு தெற்காக 120 கி.மீ. 1:2,50,000 அளவில் 60 × 48 செ.மீ. வரும், ஏ1 தாளில் ஓரம் விட்டு உட்காரும்.

ப்ரொஜெக்‌ஷன் யூடிஎம் 42 தெற்கு, அதாவது உருண்டைப் பூமியை இந்தப் பகுதிக்கு ஏற்பத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை. இணைய வரைபடங்களின் மெர்கேட்டரை அப்படியே எடுத்தால் இந்த அட்சத்தில் நீளம் ஒன்றரை மடங்கு ஊதிவிடும், அளவுகோல் பொய் சொல்லும்.

அடுத்த ஆபத்து பிரிண்டர் செட்டிங்கில். “அண்ணா, ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ்ல போடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்து, பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 9.7 இருந்தால் தாளை வாங்காதீர்கள்.

தமிழில் பெயர் போட்டால் எழுத்துகளைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுங்கள். கோரல்டிரா மென்பொருளில் திறந்தால், தீவின் ஆய்வு நிலையமான ‘போர்ட்-ஓ-பிரான்சே’யின் பெயரில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பிரெஞ்சுப் பெயர்களின் மேற்குறிகளும் அப்படியே, கட்டம் கட்டமாக வரும்.

பழைய நிலப்படத்தை ஸ்கேன் செய்து போடுபவர்கள் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். 1776இல் கேப்டன் ஜேம்ஸ் குக் கிறிஸ்துமஸ் துறைமுகம் என்று பெயரிட்ட வடமேற்கு விரிகுடாவின் கல்வளைவு, 1908க்கும் 1913க்கும் இடையில் இடிந்துவிட்டது. இன்று இரண்டு தூண்கள்தான். மேற்கே நிலத்தை மூடிக் கிடக்கும் குக் பனிக்கவிகையும் 1963இல் சுமார் 500 சதுர கி.மீ. இருந்தது, 2001இல் சுமார் 400 ஆகச் சுருங்கியது. வெள்ளை நிறத்தை அதற்கேற்பக் குறையுங்கள்.

லேமினேஷன் மேட்டில் கேளுங்கள். பளபளப்பு போட்டால் டியூப்லைட் வெளிச்சம் கூர்பே தீபகற்பத்தின் தாழ்ந்த கரைமேல் விழுந்து, அங்குள்ள மெல்லிய கோடு கண்ணுக்கே படாது. பெரிய சுற்றளவுள்ள அட்டைக் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். ஒல்லிக் குழாயில் லேமினேஷன் மடிப்பு விழுகிறது.