வலது கன்னத்துக்கு ஒரு சீரம்: இரண்டு வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. காலை 9 மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். சாயங்காலம் 4 மணிக்கு அதே வழியில் திரும்புவேன். வடக்கே போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம் அடிக்கும். தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கம்தான். இடது கன்னம் சொகுசாக வந்துகொண்டிருந்தது என்பது நான்கு வருடம் கழித்து ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. வலது கன்ன மேட்டில் திட்டுத் திட்டாகக் கறுப்பு, கண்ணோரம் கோடு. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சுக்காற்றில் மங்கிவிடுகிறது என்று தூக்கியே விட்டு ஓட்டியது என் தப்பு.

தோல் டாக்டரிடம் போனேன். முதலில் சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் போடுங்கள், அப்புறம் வேண்டுமானால் வைட்டமின் சி சீரம், அதாவது முகத்தில் சில சொட்டு தடவும் திரவம், சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த வரிசை முக்கியம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. சீரத்தைத்தான் முதலில் வாங்கினேன்.

இது என்ன செய்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெயிலில் வரும் புற ஊதாக் கதிர், தோலுக்குள் ஃப்ரீ ராடிக்கல் என்ற எலக்ட்ரான் குறைந்த மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எதிலிருந்தாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் சிதைவதற்கும் நிறமி கூடுவதற்கும் இந்தப் பிடுங்கலில் பங்கு உண்டு. ஆன்டிஆக்ஸிடென்ட் என்பது தன் எலக்ட்ரானைத் தானே கொடுத்து அதை நிறுத்துகிற பொருள். வைட்டமின் சி அப்படி ஒரு கொடையாளி. கொலாஜன் உருவாகவும் அது தேவை, நிறமி உற்பத்தியையும் கொஞ்சம் தணிக்கும்.

அந்தக் கொடுக்கும் குணமே பாட்டிலுக்குள் அதற்கு எமன். காற்று பட்டாலே கொடுத்துத் தீர்த்துவிடும். என் முதல் பாட்டில் 30 மில்லி, 20 சதவீத வைட்டமின் சி. ஆன்லைனில் வாங்கினேன். வந்து சேரும்போதே மஞ்சளாக இருந்தது. அதுதான் அதன் நிறம் போலிருக்கிறது என்று பாத்ரூம் ஜன்னலில் வைத்துத் தினமும் தடவினேன். ஆறாவது வாரம் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. கன்னம் வெளுக்கவில்லை, விரல் நுனிதான் லேசாகப் பழுப்பேறியது. இப்படிக் கெட்டுப்போன வைட்டமின் சியிலிருந்து வரும் ஒரு பொருள் தோலில் கறையாகப் பிடிக்குமாம். கறுப்பைப் போக்க வாங்கியது சாயம் பூசிய கதை.

இரண்டாவது முறை கொஞ்சம் புத்தியோடு வாங்கினேன். 15 மில்லி, அடர் நிறக் கண்ணாடிப் பாட்டில், 15 சதவீத வைட்டமின் சியோடு வைட்டமின் இ, ஃபெருலிக் அமிலம். இந்தக் கூட்டணிக்குப் பின்னால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழு செய்த ஆராய்ச்சி இருக்கிறது. 2005இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, சி, இ இரண்டும் சேர்ந்து பன்றித் தோலுக்குத் தந்த வெயில் பாதுகாப்பு, அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்ந்ததும் சுமார் 4 மடங்கிலிருந்து 8 மடங்கானது. கரைசலும் சீக்கிரம் கெடவில்லை. ஃபெருலிக் அமிலம் நம் நெல் தவிட்டில் இருப்பதுதான். அதற்காகத் தவிட்டைக் குழைத்துப் பூசினால் அதே பலன் வந்துவிடாது.

பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5க்குக் கீழே இருந்தால்தான் இந்த வகை வைட்டமின் சி, அதாவது நேரடியான அஸ்கார்பிக் அமிலம், தோலுக்குள் சரியாக இறங்கும். அதனால் போட்டதும் சுருக்கென்று இருக்கும். காசு எண்ணிய கையில் வருமே, அப்படி ஒரு வாடை. 20 சதவீதத்துக்கு மேல் போனாலும் உறிஞ்சுவது கூடுவதில்லை என்பதும் அதே குழுவின் முந்தைய கண்டுபிடிப்பு. 25, 30 என்று அட்டையில் போட்டு விற்பதை இப்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாட்டில் ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் குடியேறியது. "ஏண்டி, இது கண்ணுக்கு விடுற மருந்தா?" என்று அம்மா ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். மூடியில் திறந்த தேதியை எழுதி ஒட்டினேன். முகம் கழுவித் துடைத்து ஐந்தாறு சொட்டு, ஐந்து நிமிடம் கழித்து எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. சன்ஸ்கிரீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் கதிர் உள்ளே வரத்தான் செய்யும். அந்த மிச்சத்தைக் கவனிப்பதுதான் சீரத்தின் வேலை. ஒருமுறை ஊருக்குப் போனபோது மூன்று வாரம் சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் மட்டும் போட்டேன். திட்டு திரும்ப எட்டிப் பார்த்தது.

அக்னி நட்சத்திரத்தில் இது எனக்கு ஒத்துவரவில்லை. கடலோரப் புழுக்கத்தில் வியர்வையோடு சேர்ந்து கன்னம் எரிந்து சிவந்தது. முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டு, தோல் உரிந்து, டாக்டரிடம் திட்டு வாங்கினேன். இரண்டாவது வருடம் மே, ஜூனில் சோடியம் அஸ்கார்பில் ஃபாஸ்பேட் என்ற சாதுவான வகைக்கு மாறினேன். அது தோலுக்குள் போய்த்தான் வைட்டமின் சியாக மாற வேண்டும், வீரியம் குறைவு. ஆனால் எரியவில்லை, சீக்கிரம் கெடவும் இல்லை. இரவில் 5 சதவீத நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வகை.

பக்கத்து வீட்டு அக்கா, இவ்வளவு செலவு எதற்கு, எலுமிச்சம்பழத்தைத் தேய் என்றார். தயவுசெய்து வேண்டாம். அதன் புளிப்பில் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி கொஞ்சம்தான். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் படும்போது புண்ணாகிக் கறுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

பலன்? முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் மாதம் முகத்தில் ஒரு தெளிவு. ஒரு வருடத்தில் திட்டுகள் பாதிக்கு மேல் மங்கின. கண்ணோரக் கோடு அப்படியே இருக்கிறது. இதில் எவ்வளவு சீரம், எவ்வளவு சன்ஸ்கிரீன், எவ்வளவு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் வாங்கக் காசு இருந்தால் சன்ஸ்கிரீனைத்தான் வாங்குவேன்.

இரண்டும் வாங்க முடிகிறது என்பதால் இப்போதும் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 30 மில்லி வாங்கினால் விலை கட்டுப்படியாகும்தான். ஆனால் கடைசிக் கால் பாகம் நிறம் மாறிக் குப்பைக்குப் போகும். 15 மில்லி சரியாக இரண்டு மாதத்தில் தீர்கிறது. வந்ததும் வெள்ளைக் காகிதத்தின் முன்னால் பிடித்துப் பார்ப்பேன், தண்ணீர் மாதிரியோ இளம் வைக்கோல் நிறமோ இருந்தால் சரி. போன மாதம் வந்தது மஞ்சளாக இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன்.