தைராய்டு அறுவைக்குப் பின்: அயோடினா, கண்காணிப்பா?

தைராய்டு சுரப்பியை முழுமையாக அகற்றிய பின் வந்த என் பயாப்ஸி அறிக்கை, ஒன்றரை சென்டிமீட்டர் பாப்பிலரி வகைப் புற்றுக்கட்டி என்றும், அது சுரப்பியைத் தாண்டவில்லை, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளிலும் இல்லை என்றும் சொன்னது. இத்தகைய குறைந்த அபாயக் கட்டிக்கு, அறுவைக்குப் பின் எஞ்சும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் எடுப்பதா, வெறும் கண்காணிப்பில் இருப்பதா என்ற கேள்வியில் நான் கண்காணிப்பின் பக்கம் நின்றேன். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

அயோடினின் சிரமங்கள் பலருக்கும் தெரிந்தவைதாம்: சில வாரங்கள் தைராக்சின் ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவது அல்லது விலை கூடிய ஊசி போட்டுக்கொள்வது, அயோடின் உப்பும் மீனும் பாலும் இல்லாத சாப்பாடு, குழந்தைகளிடமிருந்து விலகியிருத்தல், சிலருக்கு நீடிக்கும் வாய் வறட்சி. பலன் பெரிதென்றால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னுடையதைப் போன்ற கட்டி உள்ளவர்களிடம் பிரான்சில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளைச் சிக்கலின்றிக் கடந்தவர்கள் 30 மில்லிகியூரி அயோடின் பெற்றோரில் 95.9 விழுக்காடு, பெறாதோரில் 95.6 விழுக்காடு.

எனவே என் முடிவு பிற்காலக் கண்காணிப்பைப் பொறுத்தே அமைந்தது. தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்களும் அவற்றிலிருந்து எழும் இவ்வகைப் புற்றும் மட்டுமே சுரக்கின்றன. அயோடின் எடுத்தவருக்கு அது பெரும்பாலும் அளவிட முடியாத அளவுக்கு இறங்கிவிடுவதால், பின்னாளில் சற்று ஏறினாலும் உடனே தெரியும். அயோடின் தரப்பின் வலுவான வாதம் இதுதான். எடுக்காதவருக்கு அறுவையில் தப்பிய துளித் திசு கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒற்றை எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது, அடுத்தடுத்த எண்களின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஒரே ஆய்வகத்தில், தைராய்டு செல்களைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனின் அளவையும், தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே பரிசோதிக்கிறேன். டிஎஸ்எச் ஏறினால் தைரோகுளோபுலினும் ஏறும், எதிர்ப்பொருள் இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். (முதல் அறிக்கையில் தைரோகுளோபுலின் 0.6 என்பதைக் கண்டு நான் தூக்கம் கெட்டது தனிக்கதை, அடுத்தது 0.4 என வந்தது.) இதனுடன் கழுத்து அல்ட்ராசவுண்டை அனுபவமுள்ளவர் பார்த்துவிட்டால், அயோடின் தரும் தெளிவில் பெரும்பகுதி அது இல்லாமலே கிடைத்துவிடுகிறது.

எனக்கு எதிர்ப்பொருள் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பக்கம் இவ்வளவு உறுதியாகச் சாய்ந்திருப்பேனா என்பது சந்தேகமே. என் அனுபவமும் சில ஆண்டுகளுக்கு உட்பட்டதுதான். எனினும் எண்கள் தொடர்ந்து ஏறினாலோ ஸ்கேனில் ஏதேனும் தென்பட்டாலோ, தேவைப்பட்டால் அயோடினை அப்போதும் எடுத்துக்கொள்ளலாம்.