பே லாரல் செடிக்கு 12 அங்குல மண்தொட்டி: வாங்கலாம், வாயைப் பார்த்து

பே லாரல், சமையலில் வாசனைக்குப் போடும் இலை தரும் செடி. அதன் வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. சுட்ட மண்தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியே விடுவதால் பிளாஸ்டிக்கைவிட இதுவே மேல். கனமாக இருப்பதால் மாடிக் காற்றில் எளிதில் சாயாது.

வயிறு பெருத்து வாய் குறுகிய வடிவம் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டு வெளியே வராது. தொட்டியை உடைக்க வேண்டியதுதான். நேராக விரியும் வாயே சரி. அடித்துளை சிறிதாக இருந்தால் டிரில்லில் மேசனரி பிட் (செங்கல், கல் துளைக்கும் முனை) போட்டு, ஹேமர் மோட் (இடித்துத் துளைக்கும் முறை) இல்லாமல், மெதுவாக இன்னும் இரண்டு துளை போடுங்கள்.

கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1, பருமணல் 1. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். அடித்தட்டில் நீர் நின்றால் இலை மஞ்சளாகும். இலை பிசுபிசுத்துக் கருமை படிந்தால் பெரும்பாலும் செதில் பூச்சிதான்: லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்புறம் தெளிக்கவும்.

செடி வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பருகிலிருந்தே மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடினால் அது இமயமலைப் பக்கத்துப் பிரிஞ்சி மரம். லாரலுக்கு நடுநரம்பு ஒன்றுதான்.