கமெம்பேரா, பிரீயா?

இரண்டுமே பசும்பாலில் செய்து, வெள்ளைப் பூஞ்சைத் தோலோடு விற்கும் மெதுசீஸ்தான், அதனால் குழம்புவது இயல்பு.

ஊர்: கமெம்பேர் பிரான்ஸின் நார்மண்டியைச் சேர்ந்தது. பிரீ பாரிஸுக்குக் கிழக்கே உள்ள மோ நகரப் பக்கம்.

அளவு: கமெம்பேர் 250 கிராம், முழு வட்டமாக மரப்பெட்டியில் வரும். மோ நகரத்துப் பிரீயான 'பிரீ தெ மோ' இரண்டரை கிலோவுக்கு மேல், தேவையான துண்டை வெட்டித் தருவார்கள், கொஞ்சம் ருசி பார்க்க நினைப்பவருக்கு இதுதான் சிக்கனம்.

ருசி: பிரீயில் வெண்ணெய், காளான் வாசம். கமெம்பேர் இன்னும் காரசாரமானது, நன்கு பழுத்தால் தொழுவ வாசனையே வரும், எனக்கு அதுதான் உயிர்.

இருப்பு: வெட்டாத கமெம்பேர் வீட்டிலும் தொடர்ந்து பழுக்கும். வெட்டிய பிரீயைச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: வெறும் 'கமெம்பேர்' என்ற பெயரில் யாரும் எங்கும் செய்து விற்கலாம், ஆனால் 'கமெம்பேர் தெ நார்மண்டி' என்று ஏஓபி முத்திரையோடு (பிறப்பிடப் பெயரைக் காக்கும் ஐரோப்பிய முத்திரை) இருந்தால்தான் காய்ச்சாத பாலைத் தயிராக்கி, கரண்டியால் அடுக்கடுக்காக அச்சில் ஊற்றிச் செய்த அசல். பிரீக்கும் அப்படியே, 'தெ மோ' என்றோ 'தெ மெலன்' என்றோ ஏஓபி முத்திரையோடு இருக்க வேண்டும்.

விருந்துத் தட்டுக்கும் முதல்முறை சாப்பிடுபவருக்கும் பிரீ. ஓவனில் உருக்கி ரொட்டி தொட்டுச் சாப்பிட கமெம்பேர்.