ஐந்தடி ஜிராஃப் யூனிசைக்கிள்: வேலூரில் நான்கு வருடம் ஓட்டிய அனுபவம்

நான்கு வருடமாக ஐந்தடி உயர ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். யூனிசைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதை ஜிராஃப் என்பார்கள். கீழே 20 இன்ச் சக்கரம், அதற்கு மேல் கழுத்து மாதிரி நீளமான பைப், உச்சியில் சீட்டு, பெடலிலிருந்து சக்கரத்துக்கு ஒரு செயின், அவ்வளவுதான். எந்த உயரம் வாங்கலாம், எப்படி ஏறுவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

இதை ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை. உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நிற்காது. ஒட்டடைக் குச்சியை நிறுத்துங்கள், நின்றுவிடும். நீளம் கூடக் கூட அது மெதுவாகத்தான் சாயும், சரிசெய்ய நமக்கு நேரம் கிடைக்கும். ஜிராஃபும் அப்படித்தான். சின்ன யூனிசைக்கிளில் நிறுத்தாமல் ஒரு கிலோமீட்டர் போகத் தெரிந்தவர் இதில் உட்கார்ந்துவிட்டால் போய்விடுவார். 2004இல் அமெரிக்காவில் செம் ஆபிரகாம்ஸ் 35 மீட்டர் உயர வண்டியையே 8.5 மீட்டர் தூரம் ஓட்டி கின்னஸ் சாதனை செய்தார். ஆனால் அந்த உயரத்துக்குத் தரையிலிருந்து யாரும் தாவி ஏறிவிட முடியாது. அதனால் வண்டி வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சுவர், கம்பம், ஆள் துணை எதுவும் இல்லாமல் இதில் நான் ஏறுவேனா? சுவர் இருந்தால்தான் ஏற முடியும் என்றால் அந்தச் சுவர் பக்கத்திலேயேதான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் அளந்து பார்த்த கணக்கைச் சொல்கிறேன். ஐந்தடி வண்டியில் சீட்டு 150 சென்டிமீட்டர். டயரின் மேல்பக்கம் 50. என் கால் நீளத்துக்குக் கீழ்ப் பெடல் 70இல் வருகிறது. தரையிலிருந்து டயருக்கு ஒரு படி, டயரிலிருந்து பெடலுக்கு 20 சென்டிமீட்டரில் இன்னொரு படி, அது நம் வீட்டுப் படிக்கட்டு அளவுதான். ஆறடி வண்டியில் சக்கரம் அதே 20 இன்ச், ஆனால் பெடல் 100க்குப் போய்விடுகிறது. அப்போது இரண்டாவது படி 50 சென்டிமீட்டர், அதுவும் உருளத் தயாராக நிற்கிற ஒரு டயரின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எடுக்க வேண்டிய படி. பார்ப்பதற்கு ஒரு அடிதான் வித்தியாசம், ஏறுகிறவருக்கு அது வேறு வண்டி. முதல் ஜிராஃப் ஐந்தடிக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

உயரம் வேண்டும் என்று 36 இன்ச் சக்கரத்தை யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அருமையான வண்டி, பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட 2.9 மீட்டர் போகும், என் வண்டி 1.6 மீட்டர்தான். காட்பாடியிலிருந்து திருவலம் வரை போய் வர வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், ஆனால் அது தூரத்துக்கான வண்டி. சக்கரத்தின் மேல் சக்கரம் அடுக்கிச் செய்கிற வகையும் உண்டு. அதில் செயின் கிடையாது, ஒரு டயர் உரசி இன்னொரு டயரைச் சுற்றும். இரண்டு சக்கரம் என்றால் முன்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும், மூன்று என்றால் மறுபடி நேராகிவிடும். பார்க்க அழகு, மழையில் நனைந்தால் டயரோடு டயர் வழுக்கும். இரண்டாவது வண்டியாக வாங்கலாம்.

என்னுடைய முதல் ஜிராஃப் இங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. பழைய சைக்கிளின் அச்சும் கிராங்கும்தான் அதற்கு. கிராங்க் என்பது பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை. நம் ஊர்ப் பழைய சைக்கிளில் அதை அச்சோடு பிடிப்பது காட்டர் பின் என்கிற ஒரு சின்ன ஆப்பு. சாதாரண சைக்கிளில் நாம் முன்பக்கமாக மட்டும்தான் அழுத்துகிறோம். யூனிசைக்கிளில் மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடுகிற ஃப்ரீவீல் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் பெடலைத்தான் பின்பக்கமாக அழுத்த வேண்டும், ஆக அந்தச் சின்ன ஆப்பு இரண்டு பக்கமும் ஆட்டம் வாங்கி இரண்டே வாரத்தில் தேய்ந்து சப்பையாகிவிட்டது. போதாததற்கு மேல் பல்சக்கரமும் கீழ்ப் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு நாள் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் செயின் கழன்றது. கால் சுற்றுகிறது, சக்கரத்துக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை. முன்பக்கமாகக் குதித்ததால் குதிகால் வலியோடு போயிற்று, பின்பக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறு. அதற்கப்புறம்தான் காட்டர் இல்லாத கிராங்க் உள்ள ரெடிமேட் வண்டி வாங்கினேன். செய்து வாங்குகிறவர்கள் ஒரு நூலைக் கட்டி இரண்டு பல்சக்கரமும் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, ஏறும் விதம். வண்டியை முன்னால் நிறுத்தி சீட்டை நம் பக்கம் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது பெடல் கடிகாரத்தில் 6 மணி இருக்கிற இடத்தில். இடது பாதத்தை டயரின் பின்பக்க மேட்டில், சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கை ஒட்டி வைக்க வேண்டும், அந்தப் பாதம்தான் பிரேக். அப்படியே எழும்பி வலது காலைப் பெடலில் வைத்து சீட்டைக் காலிடுக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் அரை விநாடி எல்லாமே அசையாமல் நிற்கும். அந்த அரை விநாடியில் இடது கால் டயரை விட்டு மேல் பெடலுக்குப் போக வேண்டும், வண்டி முன்னால் சாயத் தொடங்கியதும் மிதிக்க வேண்டும். பலம் குறைந்தால் வண்டி பின்னால் வரும், பயப்படாமல் பின்பக்கமே காலை ஊன்றி இறங்கிக்கொள்ளலாம். பலம் கூடினால் முன்னால் குதிக்க வேண்டியதுதான்.

இதில் எனக்கு வழி காட்டியது பாலாற்று மணல். தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்றில் இறங்கி நாலு விரல்கடை ஆழம் சக்கரத்தை மணலில் புதைத்துவிட்டால் அது உருளாது. ஓட்டுவதைப் பற்றிய கவலையே இல்லாமல் ஏறுவதை மட்டும் தினம் முப்பது நாற்பது தடவை செய்தேன். விழுந்தாலும் மணல். டயர், வலது பெடல், இடது பெடல் என்று மூன்று படியும் உடம்புக்குப் பழகிய பிறகுதான் சிமெண்ட் தரைக்கு வந்தேன். மணலில் மூன்று வாரம், தரையில் இன்னும் ஐந்து வாரம். சுவரைப் பிடித்து ஏறிப் பழகியவர்கள் ஆறு மாதமானாலும் சுவரை விடுவதில்லை, அந்தப் பழக்கத்தையே ஆரம்பிக்காதீர்கள்.

ஷூ லேஸைக் கட்டி உள்ளே செருகிவிடுங்கள், பேண்ட் காலை மடித்துவிடுங்கள், செயின் இரண்டையும் இழுக்கும். ஹெல்மெட், முழங்கால் காப்பு கட்டாயம். அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, மேலே பாருங்கள். ஐந்தடி வண்டியில் உட்கார்ந்தால் தலை எட்டடியில் இருக்கும். நம் தெருக்களில் கேபிள் ஒயரும் கடைக்காரர்கள் கட்டிய தார்ப்பாயின் கயிறும் சரியாக அந்த உயரத்தில்தான் தொங்குகின்றன. கொசப்பேட்டையில் ஒரு கயிறு என் கழுத்துக்கு ஒரு சாண் முன்னால் கண்ணில் பட்டது. அதிலிருந்து புதுத் தெரு என்றால் முதலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

நான்கு வருடத்தில் செயின் இரண்டு முறை மாற்றினேன், நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. டயரில் இடது பாதம் படுகிற இடம் மட்டும் சீக்கிரம் வழவழவென்று ஆகிவிடும், மாதம் ஒருமுறை டயரைக் கொஞ்சம் திருப்பி மாட்டுகிறேன். கம்பெனி சீட்டு உறை கத்திரி வெயிலில் வெடித்தது. ஆம்பூரில் ஷூ தைக்கிற உறவுக்கார அண்ணன் ஒருவர் தோலில் ஒரு உறை தைத்துக் கொடுத்தார், மூன்று வருடமாக ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

பஞ்சர் கடைப் பெரியவர் முதல் நாள் என்னைப் பார்த்து, "ஏம்பா, மேல ஏறிகினு எப்பிடி எறங்குவே?" என்று கேட்டார். இறங்கிக் காட்டினேன். இப்போது அவருடைய பேரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு ஆற்றுக்கு வருகிறான். போன வாரம் வலது பெடல் வரைக்கும் ஏறிவிட்டான், இடது கால்தான் இன்னும் டயரை விட மாட்டேன் என்கிறது.