மொத்த விலையா, பிரதிக்கு ஒரு சென்ட்டா, சொந்தப் பதிப்பா?

1905 வாக்கில் நியூயார்க்கில் ஒருவர் புதிதாக ஒரு பாட்டு கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மெட்டும் வரிகளும் கையில் தயார். அடுத்து அவர் படியேறி இறங்க வேண்டிய இடம் மன்ஹாட்டனின் மேற்கு 28ஆம் தெரு. ஐந்தாவது, ஆறாவது அவென்யூக்களுக்கு நடுவே பாட்டுப் பதிப்பாளர்கள் நெருக்கியடித்துக் கடை போட்டிருந்த அந்தத் துண்டுத் தெருவைத்தான் 'டின் பேன் ஆலி' என்றார்கள். வானொலி அப்போது கிடையாது. கிராமபோன் இருந்தது, ஆனாலும் ஒரு புதுப் பாட்டு வீட்டுக்குள் நுழைந்த பெரிய வாசல் அச்சடித்த இசைத்தாள்தான். மேலே வண்ண அட்டை, உள்ளே பியானோவுக்கான குறிப்பும் பாட்டு வரிகளும், மொத்தமே நான்கைந்து பக்கம். கூடத்தில் பியானோ வைத்திருந்தவர்கள் வாங்கிப்போய் வாசித்துப் பாடினார்கள். 1909இல் மட்டும் அமெரிக்காவில் மூன்றரை லட்சம் பியானோக்களுக்கு மேல் தயாராகின என்றால் இந்தச் சந்தையின் அளவை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் பாட்டுக்காரருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பதிப்பாளரிடம் ஒரே தொகைக்கு எழுதிக்கொடுத்துவிடலாம். விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசலாம். இரண்டும் வேண்டாம் என்றால் தானே அச்சடித்து விற்கலாம். நாலாவதாக ஒன்றும் இருந்தது. "உங்கள் கவிதையை அனுப்புங்கள், நாங்கள் மெட்டுப் போட்டு வெளியிடுகிறோம்" என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, எழுதியவரிடமிருந்தே காசு கறந்த கூட்டம் அது. அதை வழி என்று சொல்ல முடியாது, விட்டுவிடலாம்.

ஒரே தொகைக்கு விற்பது

பிற்காலத்தில் எல்லோரும் கரித்துக்கொட்டிய வழி இது. பத்து டாலரோ பதினைந்து டாலரோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பாட்டு முழுக்கப் பதிப்பாளருக்குச் சொந்தம். அது பத்து லட்சம் பிரதி விற்றாலும் எழுதியவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஆனால் நிதானமாகப் பார்த்தால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்தத் தெருவில் வெளியான பாட்டுகளில் பெரும்பாலானவை ஓடவே இல்லை. பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி என்று பேசிய பாட்டு ஐநூறு பிரதி விற்றால் எழுதியவருக்கு வருவது ஐந்து டாலர். அதே பாட்டை முதலிலேயே பதினைந்து டாலருக்குக் கொடுத்திருந்தால் மூன்று மடங்கு லாபம். தோற்கப்போகிற பாட்டுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், எது தோற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஹாரி வான் டில்சருக்கு நடந்ததைப் பாருங்கள். 1898இல் 'மை ஓல்ட் நியூ ஹாம்ப்ஷயர் ஹோம்' பாட்டை 15 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அது இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டியது என்பார்கள். பிறகு அந்தப் பாட்டின் உரிமையை வாங்கிய ஷபீரோ, பெர்ன்ஸ்டைன் கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடிப்போய் 4,000 டாலர் கொடுத்துப் பங்காளியாகவும் சேர்த்துக்கொண்டார்கள். இதைத் தர்ம சிந்தனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பாட்டு வேறு கடைக்குப் போய்விடக் கூடாதே என்ற கணக்குதான். அது வீணாகவும் இல்லை. 1900இல் வந்த 'எ பேர்ட் இன் எ கில்டட் கேஜ்' அவர்களுக்கு அள்ளிக்கொடுத்தது. 1902இல் வான் டில்சர் பிரிந்து தன் பெயரிலேயே கடை திறந்துவிட்டார்.

பிரதிக்கு இவ்வளவு

கேட்க நியாயமாக இருக்கும் வழி. பாட்டு ஓடினால் இருவருக்கும் லாபம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஸ்காட் ஜாப்ளின். மிசௌரி மாநிலத்தில் செடேலியா என்ற சின்ன ஊரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜான் ஸ்டார்க்குடன் 1899 ஆகஸ்ட்டில் அவர் ஒப்பந்தம் போட்டார். 'மேப்பிள் லீஃப் ராக்' விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு ஒரு சென்ட். ஒரு கறுப்பின இசைக்கலைஞருக்கு வெள்ளைக்காரப் பதிப்பாளர் ராயல்டி கொடுப்பது அந்தக் காலத்தில் அரிது என்பதால் ஸ்டார்க்குக்கு வரலாற்றில் நல்ல பெயர் உண்டு. அது அவருக்கு உரியதுதான்.

ஆனால் தொகையையும் பார்க்க வேண்டுமே. முதலில் அச்சிட்ட 400 பிரதிகள் விற்கவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பிறகு வேகம் பிடித்து, 1909 வாக்கில் விற்பனை ஐந்து லட்சத்தைத் தொட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்துக்கு 5,000 டாலர், சராசரியாக வருடத்துக்கு 500. ராக்டைம் எனப்பட்ட, தாளம் தள்ளி விழும் பியானோ இசை உலகின் மிகப் பெரிய வெற்றி கொடுத்தது அவ்வளவுதான். 1914இல் ரெமிக் என்ற பதிப்புக் கம்பெனியில் பியானோ வாசிக்கச் சேர்ந்த பதினைந்து வயது ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு (பின்னாளில் பெரிய இசையமைப்பாளர்) வாரச் சம்பளம் 15 டாலர். வருடக் கணக்கில் 780. நாடே வாசித்த பாட்டின் சொந்தக்காரரைவிட ஒரு பதிப்பகத்துப் பையன் அதிகம் வாங்கினான்.

கீழ்க்கோடிக்குப் போனால், பின்னாளில் பெரும் பாட்டாசிரியரான இர்விங் பெர்லின். 1907இல் வெளியான அவருடைய முதல் பாட்டில் அவர் பங்குக்கு வந்தது 37 சென்ட். டாலர் இல்லை, சென்ட்.

ராயல்டியில் இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, எத்தனை பிரதி விற்றது என்பது பதிப்பாளர் சொன்னால்தான் தெரியும். கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லும் தைரியம் புதியவருக்கு எங்கே வரும்? இரண்டு, விலைச் சரிவு. ஐம்பது சென்ட் என்று அட்டையில் போட்டு விற்ற தாள்கள், வுல்வொர்த் போன்ற மலிவு விலைக் கடைகள் புகுந்தபின் பத்து சென்ட்டுக்கு வந்துவிட்டன. பத்து சென்ட் தாளில் கடைக்காரர் பங்கு, அச்சு, விளம்பரம் எல்லாம் போக மிஞ்சுவதில் எழுதியவருக்கு ஒரு சென்ட். மெட்டுக்காரரும் வரிக்காரரும் வேறு வேறு ஆளென்றால் ஆளுக்கு அரை.

பாட்டைப் பரப்பும் வேலை

ஒப்பந்தத் தாளில் எழுதாத ஒன்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பதிப்பாளர் வைத்திருந்த பெரிய சொத்து அச்சு இயந்திரம் அல்ல. அச்சடிக்க நாலு இடத்தில் ஆள் கிடைக்கும். ஒரு பாட்டை ஊர் வாயில் போடும் ஏற்பாடுதான் அவருடைய சரக்கு.

அந்த வேலையைச் செய்தவர்களைப் பிளக்கர் என்றார்கள். கெர்ஷ்வின் சேர்ந்ததும் அந்த வேலைக்குத்தான். கம்பெனியின் சின்ன அறையில் பியானோ முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, புதுப் பாட்டுத் தேடி வரும் வாட்வில் எனப்பட்ட பலசுவை நிகழ்ச்சி மேடைகளின் பாடகர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சுருதிக்கு ஏற்றபடி அங்கேயே மாற்றியும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பெரிய கடைகளின் இசைத்தாள் பிரிவில் நின்று வாசித்தார்கள். உணவு விடுதி, திரைப்படக் கொட்டகை, கடற்கரைப் பொழுதுபோக்கு இடம் என்று ஒன்றையும் விடவில்லை. கொட்டகையில் படச்சுருள் மாற்றும் இடைவெளியில் திரையில் வண்ணச் சில்லுப் படங்களைக் காட்டி, பாடகர் ஒருவர் பாட, பல்லவி வரும்போது கூட்டத்தையும் சேர்ந்து பாடவைப்பார்கள். மாடியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்து பல்லவியைத் திரும்ப எடுத்துப் பாடக் கூலிக்கு ஆள் வைத்ததும் உண்டு. நம் ஊர் அரசியல் மாநாட்டில் கைதட்ட ஆள் கூட்டிவருவார்களே, அதே ஏற்பாடு.

பெயர் பெற்ற பாடகர்களுக்குப் பணம், பரிசு, அட்டையில் அவர்கள் புகைப்படம், சில சமயம் ராயல்டியிலேயே பங்கு. இந்தப் போட்டி அளவு மீறிப் போய்த்தான் 1917இல் பதிப்பாளர்களே சங்கம் வைத்து, பாடகர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். அப்படியே நின்றுவிட்டதா என்றால், இல்லை.

ஆக, ஒரு சென்ட் ராயல்டி என்பதைவிட அந்தப் பாட்டை யார், எத்தனை மேடையில் ஏற்றுவார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதை எந்தப் பதிப்பாளரும் எழுதிக் கொடுக்கவில்லை. நூறு பாட்டு வாங்கி, அதில் நாலைந்தை மட்டும் தள்ளிவிட்டு, மீதியை அலமாரியில் போட்டார்கள்.

சொந்தமாகப் பதிப்பிப்பது

இதற்கு வழிகாட்டி சார்ல்ஸ் ஹாரிஸ். மில்வாக்கி நகரத்துக்காரர். முன்பு ஒரு பாட்டுக்கு விட்மார்க் என்ற பதிப்புக் கம்பெனி ராயல்டியாக அனுப்பியது 85 சென்ட். அந்தக் கோபத்தோடு 1892இல் 'ஆஃப்டர் தி பால்' பாட்டைத் தானே வெளியிட்டார். 50 லட்சம் பிரதி என்ற எண்ணிக்கையைப் பலரும் சொல்கிறார்கள். கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் பார்த்தாலும் அதுவரை எந்தப் பாட்டும் தொடாத உயரம். ஆனால் இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வது அரைகுறை. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'எ டிரிப் டு சைனாடவுன்' நாடகத்தின் பாடகருக்குப் பணமும் பங்கும் கொடுத்து, கதைக்குச் சம்பந்தமே இல்லாத இந்தப் பாட்டை மேடையில் பாடவைத்தார் ஹாரிஸ். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அணிவகுப்பு இசைக்குப் பெயர்போன சூசாவின் பேண்டும் அதை வாசித்தது. பதிப்பாளர் மட்டுமல்ல, பிளக்கர் வேலையையும் அவரே செய்தார்.

அதைச் செய்ய முடியாதவர்களுக்கு என்ன ஆனது? பால் டிரெஸ்ஸர் 1897இல் 'ஆன் தி பேங்க்ஸ் ஆஃப் தி வாபாஷ்' எழுதி நாடறிந்தவர், பதிப்பகத்தில் பங்காளி. சம்பாதித்ததைத் தாராளமாகச் செலவழித்தவர். ரசனை மாறியது, 1905இல் கம்பெனி திவாலானது, 1906 ஜனவரியில் இறந்தார். அவருடைய கடைசிப் பெரிய பாட்டு 'மை கேல் சால்' அவர் போன பிறகுதான் பிரபலமானது. ஜாப்ளின் 1911இல் 'ட்ரீமொனீஷா' ஓபராவை 230 பக்கங்களில் சொந்தக் காசில் வெளியிட்டார். எந்தக் கடையும் எந்த மேடையும் அதைத் தூக்கிப்பிடிக்கவில்லை. 1917இல் அவர் இறக்கும்வரை முழு அரங்கேற்றம் நடக்கவே இல்லை.

கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய கோத்தம்–அட்டக்ஸ் கம்பெனியையும் சொல்லியாக வேண்டும். மேடைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸின் 'நோபடி' அவர்கள் வட்டாரத்திலிருந்துதான் வந்தது. பாட்டும் பாடகர்களும் கையிலேயே இருந்தும் பெரிய கம்பெனிகளின் பிளக்கர் படைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1911இல் முடிந்துபோனது. அதன் பெயரை வாங்கியது யார் தெரியுமா? மேலே சொன்ன அந்த நாலாவது கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர்.

பாட வேண்டாத சரக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்த வழி கொஞ்சம் எளிது. ஈ. டி. பால் என்பவர் குதிரை, தீ, போர் என்று ஐந்து வண்ண லித்தோ அட்டையில் அணிவகுப்பு இசைத்தாள்கள் வெளியிட்டார். கடை ஜன்னலில் அந்த அட்டையே பிளக்கர். உள்ளே இருக்கும் இசை அட்டை அளவுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அவற்றை வாங்குவது அட்டைக்காகத்தான்.

எனக்கென்றால்

புதியவர், மேடைத் தொடர்பு இல்லை என்றால் ராயல்டி பேசுவதைவிட ஒரு கம்பெனிக்குள் சம்பளத்துக்கு நுழைவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. பெர்லின் போன பாதை அதுதான். டெட் ஸ்னைடர் கம்பெனியில் வாரச் சம்பளமும் ராயல்டியுமாகச் சேர்ந்தார். 1911இல் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' பத்து லட்சத்தைத் தாண்டியது, பங்காளியானார், 1919இல் சொந்தக் கம்பெனி. பிளக்கர் படையை எப்படி நடத்துவது என்று உள்ளே இருந்து கற்றுக்கொண்டபின் வெளியே வந்தார். கையில் ஏற்கெனவே ஒரு பேண்டோ நாடகக் குழுவோ இருந்தால் மட்டும் முதலிலேயே சொந்தப் பதிப்பு. ஒரே தொகைக்கு விற்பது அரிசிக்குக் காசில்லாத நாளில் மட்டும்.

அந்த நாளிலும் ஒரு விஷயத்தைக் கவனித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமைக்கு 28 வருடம் கொடுத்தது. அது முடிந்ததும் எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரே இன்னொரு 28 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதே சட்டம்தான் பியானோ ரோலுக்கும் (தானாக வாசிக்கும் பியானோவில் மாட்டும் துளைபோட்ட தாள்சுருள்) இசைத்தட்டுக்கும் பிரதிக்கு இரண்டு சென்ட் என்று நிர்ணயித்தது. அதற்கு முந்தைய வருடம்வரை நிலைமை வேறு. துளைபோட்ட ரோலைக் கண்ணால் படிக்க முடியாது, எனவே அது பிரதியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. புதிய இரண்டு சென்ட் யார் கையில் உரிமை இருக்கிறதோ அவருக்கு. மொத்தமாக எழுதிக்கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை.

ப்ளூஸ் இசைக்குப் பெயர்போன டபிள்யூ. சி. ஹேண்டி 1912இல் 'மெம்பிஸ் ப்ளூஸ்' பாட்டைச் சொந்தமாக அச்சிட்டார். பிரதிகள் கடையில் தேங்கிக் கிடப்பதாகச் சொல்லப்பட, சொற்பத் தொகைக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். பாட்டு பிறகு பிய்த்துக்கொண்டு ஓடியது. ஹேரி பேஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனியின் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 1914இல் வந்தது. அதை அவர் யாருக்கும் விற்கவில்லை. 'மெம்பிஸ் ப்ளூஸ்' 28 வருடம் கழித்து, 1940இல் அவரிடம் திரும்பி வந்தது.

அதே 1912இல்தான் 'வென் ஐரிஷ் ஐஸ் ஆர் ஸ்மைலிங்' பாட்டும் வெளியானது. அதன் வரிகளில் பங்கிருந்த ஜார்ஜ் கிராஃப், 1917இல் பணமுடையில் தன் பாட்டுகள் பலவற்றின் உரிமைகளை 1,600 டாலருக்கு விட்மார்க்குக்கு எழுதிக்கொடுத்தார். பிற்காலத்துப் புதுப்பிப்பு உரிமையும் அந்தத் தாளிலேயே இருந்தது. 28 வருடம் முடிந்தபோது அவர் அதை வேறொரு கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்க, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1943இல் தீர்ப்பு விட்மார்க் பக்கம்.