ஒரே விவோ, மூன்று விலை: டர்பனில் பழைய காரை விற்றால் கையில் என்ன நிற்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் மாமா போன வருஷம் தன் 2016 ஃபோக்ஸ்வாகன் போலோ விவோ காரை விற்கக் கிளம்பினார். 1.4 இன்ஜின், 118 ஆயிரம் கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரைகூட விட்டுப்போகவில்லை. ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் மூன்று விலை சொன்னார்கள். "இதுல எதுடா நிஜம்?" என்று என்னிடம் கேட்டார். மூன்றும் நிஜம்தான் மாமா, ஆனால் மூன்றில் எதுவும் அப்படியே உங்கள் கைக்கு வராது என்றேன்.

முதலில் இந்த புக் வேல்யூ, அதாவது கையேட்டு விலை சமாசாரம். வாகன விலைப்பட்டியல் போடும் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் கையேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் டிரேட், ரீட்டெய்ல் என்று இரண்டு விலை இருக்கும். டிரேட் என்பது டீலர் வாங்குகிற விலை, ரீட்டெய்ல் அவர் விற்கிற விலை. விளம்பரங்களில் நாம் பார்ப்பது கேட்கிற விலை மட்டும்தான், எத்தனைக்குப் போனது என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. மாமா ரீட்டெய்ல் விலையை மனசில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பேசினார், அதனால் எங்கே போனாலும் வயிற்றெரிச்சல்.

உடனே பணம் தருகிற கம்பெனி ஒன்றில் ஆன்லைனில் விவரம் போட்டதும் 101 ஆயிரம் ரேண்ட் என்று வந்தது. சந்தோஷமாகப் போனோம். அங்கே ஒரு பையன் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியைக் கதவு கதவாக வைத்துக்கொண்டே வந்தான், இடது பின்கதவில் எண் எகிறியது. பழைய உரசல், மறுபெயிண்ட், எங்களுக்கே மறந்து போயிருந்தது. அப்புறம் குனிந்து சக்கர வளைவின் உள்பக்கத்தை விரலால் தடவினான், விரல் முழுக்கத் துரு. கடல்காற்று ஊரில் இது சகஜம்தான், ஆனாலும் விலை 93 ஆயிரத்து 500க்கு இறங்கியது. இறங்கும் என்று தெரிந்தேதான் முதல் எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் ஒன்று: பணம் சீக்கிரம் வரும், வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அதை அவர்களே அடைத்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள், ரோட்வர்தி (வண்டி சாலைக்குத் தகுதியானது என்கிற சான்றிதழ்) தலைவலியும் நமக்கில்லை.

டீலரிடம் டிரேட்-இன், அதாவது பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினால் என்ன தருவீர்கள் என்று கேட்டால் 106 ஆயிரம்! மாமா அங்கேயே கையெழுத்துப் போடப் போனார். நான்தான் நிறுத்தி, பழைய வண்டியே கொடுக்காமல் புது வண்டி மட்டும் வாங்கினால் என்ன விலை என்று கேட்கச் சொன்னேன். 12 ஆயிரம் குறைத்தார்கள். அப்படியானால் விவோவின் விலை 106 இல்லை, 94. டிரேட்-இன்னில் கேட்க வேண்டிய கேள்வி 'என் காருக்கு எவ்வளவு தருவீர்கள்' என்பதே இல்லை, 'நான் மேலே எவ்வளவு போட வேண்டும்' என்பதுதான்.

டீலரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் பக்கத்தையும் பார்க்கணும். வாட் 15 சதவீதம் என்பதால் நம்மிடம் வாங்கிய விலையில் 15/115 பங்கை அவர் வாட் கழிவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விற்கும்போது முழு விலைக்கும் வாட் கட்ட வேண்டும், ஆக அவருடைய லாபத்தில் ஒரு பங்கு வரிக்குப் போகிறது. அதற்கு மேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பெரிய பழுது வந்தால் வாங்கியவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஒரு வண்டி விற்கிற மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை, ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதி, இருக்கிற நிலையிலேயே விற்கலாம். அதற்காகத் தெரிந்த பழுதை மறைத்துவிட்டு ஃபூட்ஸ்டூட்ஸ் என்றால் கோர்ட்டில் நிற்காது.

கடைசியில் நாங்களே விற்றோம். ஐந்து வாரம் ஆனது. 'லாஸ்ட் பிரைஸ்?' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காணாமல் போனவர்களுக்குக் கணக்கில்லை. பணம் போட்டதாக ஒரு ரசீதை போனில் காட்டி வண்டியை எடுக்கப் பார்த்த ஆளும் வந்தான், கணக்கில் ஒரு சென்ட் வரவில்லை. வாங்கியவர் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்காரர், கோயில் வழியாகத் தெரிந்த குடும்பம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடிமுனையை முகர்ந்து பார்த்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு விவரம் தெரிந்தவர்கள் இங்கே இப்படித்தான் சேறு தேடுகிறார்கள். 118 ஆயிரத்துக்கு முடிந்தது. இரண்டு டயர், பிரேக் பேட், ரோட்வர்தி, விளம்பரம் எல்லாம் போக 113 ஆயிரத்து சொச்சம் நின்றது. மற்ற இரண்டு வழியைவிட ஏறக்குறைய 20 ஆயிரம் அதிகம்.

கடன் தீர்ந்த வண்டி, அவசரமில்லை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு தனியார் விற்பனையைத்தான் சொல்வேன். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியில் செட்டில்மென்ட் தொகையைக் கேளுங்கள். பலூன் (கடைசியில் மொத்தமாகக் கட்டும் பெரிய தொகை) வைத்து வாங்கிய வண்டியில் பாக்கியே வண்டி விலையைத் தாண்டி நிற்பது உண்டு, அப்போது எந்த வழியில் விற்றாலும் நாம்தான் மேலே போட வேண்டும். அதேபோல உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டால் அடுத்தவர் வாங்கும் ஃபைன் எல்லாம் நம் பேருக்கே வரும்.

விற்ற அன்றைக்குப் பணம் வங்கி ஆப்பில் தெரிகிறவரைக்கும் மாமா சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை, அத்தை மூன்றாவது தடவை டீ போட்டார். பணம் வந்ததும் டோங்காட்காரர் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எங்கள் வாசலிலேயே நசுக்கிக்கொண்டு கிளம்பினார்.